பாவ்லோவ் மணி அடித்தாரா? உங்க நாய்க்குட்டியின் டாய்லெட் பழக்கத்துக்கும் கூண்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லா வீட்டிலும் நடக்கும் காட்சி இது. குட்டி கிண்ணத்தைக் காலி பண்ணும். நாலு சுற்று ஓடும். திடீரென மூக்கைத் தரையில் வைத்து வட்டமடிக்கும். நீங்கள் போனில் ஒரு மெசேஜுக்குப் பதில் அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் ஹால் நடுவில் ஒரு சின்னக் குளம். 'இப்பதானே வெளிய கூட்டிட்டுப் போனேன், வேணும்னே பண்ணுது' என்று கோபம் வரும்.

அடுத்தது க்ரேட். வீடியோக்களைப் பார்த்து ஆர்டர் போட்ட கம்பிக்கூண்டு. குட்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் ராத்திரி முழுக்க அழுகை. ஒரு உயிரைக் கூண்டில் அடைக்கிறது பாவம் இல்லையா என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

இந்த இரண்டு சிக்கலுக்கும் உள்ளே போனால், 1936-ல் இறந்துபோன ஒரு ரஷ்யர் நிற்கிறார். இவான் பெத்ரோவிச் பாவ்லோவ். ஸ்கூல் புத்தகத்தில் மணி, நாய், எச்சில் என்று மூன்றே வார்த்தையில் முடிந்துபோனவர். உண்மையில் அவர் நாய்ப் பயிற்சியாளரே இல்லை. செரிமானத்தை ஆராய்ந்தவர். ஆனா குட்டி எப்போது போகும், எதைக் கற்றுக்கொள்ளும், கூண்டை எப்போது வெறுக்கும் என்பதற்கெல்லாம் அவருடைய வாழ்க்கைக்குள் விடை கிடக்கிறது. அந்த விடைகளுக்கு விலை கொடுத்தவை நாய்கள்தான் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதிரியார் ஆகியிருக்க வேண்டியவர்

1849 செப்டம்பரில், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசான் நகரில் பாவ்லோவ் பிறந்தார். அப்பா தேவாலயப் பாதிரியார். மூத்த பையனும் அதே வேலைக்குத்தான் என்பது வீட்டில் எழுதப்படாத முடிவு. சின்ன வயதில் உயரத்திலிருந்து கல்தரையில் விழுந்து பலத்த அடி. பள்ளிக்கூடம் போவதே பல வருடங்கள் தள்ளிப்போனது. உடம்பு தேற, ஒரு மடாலயத்தின் தலைவராக இருந்த ஞானத்தந்தையிடம் அனுப்பினார்கள். தோட்ட வேலை, உடற்பயிற்சி, புத்தகம் என்று நேரம் தவறாத வாழ்க்கை அங்கேதான் பழக்கமானது. அந்த ஒழுங்கு சாகும்வரை அவரை விடவில்லை.

இறையியல் பள்ளியில் படிக்கும்போது இவான் செச்செனோவ் என்ற உடலியல் அறிஞர் மூளையின் அனிச்சைச் செயல்கள் பற்றி எழுதிய புத்தகம் கைக்குக் கிடைத்தது. நாம் யோசிப்பதாக நினைக்கும் பல விஷயங்கள் உடம்பின் எதிர்வினைகள்தான் என்ற அந்த வாதம் பையனைப் பிடித்துக்கொண்டது. 1870-ல் பாதிரியார் பாதையை விட்டுவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு இருபது வருடம் கஷ்டம். 1881-ல் செராஃபிமாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது கையில் காசில்லை. முதல் மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். ஜெர்மனியில் இரண்டு வருடம் பெரிய உடலியலாளர்களிடம் வேலை கற்றுக்கொண்டு திரும்பியும் நிரந்தர வேலை அமையவில்லை. நாற்பது வயதைத் தாண்டித்தான் கதவு திறந்தது. 1890-ல் ராணுவ மருத்துவ அகாடமியில் பேராசிரியர், அடுத்த வருடமே புதிதாகத் தொடங்கிய பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் உடலியல் துறைத் தலைவர். நாய்கள் உள்ளே வந்தது இங்கேதான்.

வயிற்றுக்கு ஒரு டைம்டேபிள் உண்டு

அந்தக் காலத்தில் செரிமானத்தை ஆராய வேண்டுமென்றால் விலங்கை அறுத்து, உள்ளே பார்த்து, அத்தோடு முடித்துவிடுவார்கள். பாவ்லோவ் வேறு வழியில் போனார். அறுவை சிகிச்சை செய்து, காயம் ஆறவைத்து, நாயை உயிரோடும் ஆரோக்கியத்தோடும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கவனிப்பது. வயிற்றின் ஒரு சிறு பகுதியை நரம்பு அறுபடாமல் தனிப் பையாகத் தைத்து, அதில் ஊறும் நீரை வெளியே எடுக்க வழி செய்தார். இதில் முதலில் தேறிய நாய்க்கு த்ருஷோக் என்று பெயர். ரஷ்ய மொழியில் குட்டி நண்பன் என்று அர்த்தம். பெயரை வைத்து நெகிழ்ந்துவிட வேண்டாம். அந்த அறுவையில் தேறாமல் செத்துப்போன நாய்கள் பல.

த்ருஷோக் போன்ற நாய்கள் காட்டிய விஷயம் இது. இறைச்சி, ரொட்டி, பால் என்று எதைக் கொடுத்தாலும், அதற்கேற்ற அளவில், அதற்கேற்ற நேரக் கணக்கில் வயிறு சுரக்கிறது. இன்று மதியம் போட்ட கோட்டையும் நாளை மதியம் போட்ட கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிட்டத்தட்ட பொருந்துகிறது. தொண்டையில் போட்ட துளை வழியே உணவு வயிற்றுக்குப் போகாமல் வெளியே விழும்படி செய்த நாய்களிலும், மெல்ல ஆரம்பித்து சுமார் 5 நிமிடத்தில் இரைப்பை நீர் ஊறத் தொடங்கியது. வாய்க்குச் சாப்பாடு வந்ததுமே குடல் வரைக்கும் செய்தி போய்விடுகிறது. (அப்படி வெளியேறிய இரைப்பை நீரைச் சுத்தம் செய்து, அஜீரணத்துக்கு மருந்தாகப் பாட்டிலில் விற்றார்கள் என்பது தனிக்கதை. ஆய்வகத்துக்கு அதில் நல்ல வருமானம்.)

நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு வேண்டிய முதல் பாடம் இதுதான். சாப்பாடு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பதைத் தனியாகக் கண்டுபிடித்தது பாவ்லோவ் இல்லை. ஆனா வயிறு கடிகாரம் மாதிரி வேலை செய்யும் என்று நிறுவியது அவர்தான். குட்டி சாப்பிட்ட பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் போக நினைப்பது இந்தக் கடிகாரத்தால்தான். அதனால்தான் நாள் முழுக்கக் கிண்ணத்தை நிரப்பியே வைத்திருக்கும் வீட்டில் டாய்லெட் பழக்கம் வரவே வராது. உள்ளே போகும் நேரம் தெரியாவிட்டால் வெளியே வரும் நேரம் எப்படித் தெரியும்? ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, சாப்பிட்டதும் வெளியே. தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் வெளியே. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதன் மூத்திரப்பையின் அளவே அவ்வளவுதான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

இந்த ஆராய்ச்சிக்காக 1904-ல் பாவ்லோவுக்கு நோபல் பரிசு. ரஷ்யாவிலிருந்து நோபல் வாங்கிய முதல் ஆள் இவர். கவனியுங்கள், பரிசு செரிமானத்துக்கு. எச்சில் சோதனைக்குக் கிடையாது.

தொந்தரவாக வந்த எச்சில்

எச்சில் உண்மையில் ஒரு இடைஞ்சலாகத்தான் நுழைந்தது. உணவைக் கொடுத்தால் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கத்தான் ஆய்வகத்தில் எல்லாம் தயாராக இருந்தது. ஆனா நாய்கள் சாப்பாடு வருவதற்கு முன்பே எச்சில் விட ஆரம்பித்தன. கிண்ணத்தைப் பார்த்தால் எச்சில். கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கு எச்சில். அளவெல்லாம் குழம்பிப்போனது.

இதை எப்படி விளக்குவது என்பதில் ஆய்வகத்துக்குள்ளேயே சண்டை. ஸ்னார்ஸ்கி என்ற உதவியாளர், நாய் நினைக்கிறது, ஆசைப்படுகிறது, எதிர்பார்க்கிறது என்று மனித மனதை வைத்துப் பேசினார். பாவ்லோவ் ஒத்துக்கொள்ளவில்லை. நாயின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சமிக்ஞைக்குப் பிறகு எத்தனை சொட்டு விழுந்தது என்பதை மட்டும்தான் எண்ண முடியும். அந்தக் கறாரில்தான் ஆய்வின் திசையே மாறியது. பிற்பாடு டோலோச்சினோவ் என்ற இன்னொரு உதவியாளரோடு தொடங்கிய சோதனைகள் நிபந்தனைக்கு உட்பட்ட அனிச்சைச் செயல் என்ற கருத்தாக வளர்ந்தன. 1903-ல் மாட்ரிட் மருத்துவ மாநாட்டில் பாவ்லோவ் அதை உலகத்துக்குச் சொன்னார்.

'வேணும்னே பண்ணுது', 'நேத்து திட்டினதுக்குப் பழிவாங்குது', 'தப்புன்னு அதுக்கே தெரியுது பாருங்க, மூஞ்சியை எப்படி வச்சிருக்கு'. நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் இந்த மூன்றும் ஸ்னார்ஸ்கி கட்சி. பாவ்லோவ் கட்சியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அது போவதற்கு முன்னால் என்ன நடந்தது?

அந்த மணி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். மணி எப்போதாவது பயன்பட்டது. ஆனா பாவ்லோவுக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. துல்லியமாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய மெட்ரோனோம், பஸ்ஸர், ஹார்மோனியம், விளக்கு இவைதான் ஆய்வகத்தில் ஓடின. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்றால் சாப்பாடு, வேறு வேகம் என்றால் இல்லை என்று நாய் பிரித்துக் கற்றுக்கொண்டது. இந்த நுணுக்கத்தைப் படத்தில் வரைவது கஷ்டம், மணியை வரைவது சுலபம். மணி நின்றுவிட்டது.

வீட்டுக்குப் பயன்படும் விஷயம் சமிக்ஞையின் வரிசை. முதலில் சத்தம், அடுத்து சாப்பாடு என்றால் நாய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சாப்பாடு முதலில், சத்தம் பின்னால் என்று மாற்றினால்? அவருடைய ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான முறை செய்து பார்த்தும் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்து, காலையில் காய்ந்துபோன ஈரத்தைக் காட்டி, குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பவர்கள் செய்வது இந்தத் தலைகீழ் வரிசையைத்தான். காலையில் நடந்த செயலோடு சாயங்காலத் திட்டு ஒட்டாது. அது ஒட்டுவது உங்களோடுதான். கதவு திறந்தால், இந்த ஆள் வந்தால், பயம். அந்தக் குற்றவாளி மூஞ்சி வெறும் பயம்.

வெளியே அது போய் முடித்த அடுத்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட் கொடுப்பது பலன் தருவது ஏன் என்பதைப் பாவ்லோவை வைத்து முழுசாக விளக்க முடியாது. அது எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் 1898-ல் பூனைகளைப் பெட்டியில் வைத்துச் செய்த சோதனைகளின் வழி வந்த அறிவு. நல்ல விளைவு வந்த செயல் திரும்ப நடக்கும். பாவ்லோவ் சொல்வது அதற்கு முந்தைய கட்டம். எந்த இடம், எந்த வாசனை, எந்தக் கதவுச் சத்தம் எதோடு சேர்ந்து மனதில் பதிகிறது என்பது. தரையில் பழைய வாசனை தங்கியிருந்தால் அதுவே ஒரு சமிக்ஞை. அம்மோனியா கலந்த கிளீனர் மூத்திர வாசனையைப் போலவே இருப்பதால் அதைத் தவிர்க்கச் சொல்வதும், என்சைம் கிளீனர் போடச் சொல்வதும் இதனால்தான்.

பெரியவர் உள்ளே வந்ததும் மறந்துபோகும் நாய்

பாவ்லோவ் கோபக்காரர். நேரத்துக்கு வராத உதவியாளர், கவனமில்லாமல் போட்ட தையல், எதற்கும் வெடிப்பார். உதவியாளர்கள் புது நாயைப் பழக்கி, பெருமையாக அவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர் அறைக்குள் நுழைந்ததும் நாய் ஒரு சொட்டு எச்சில் விடாது. பாவம் அந்த உதவியாளர்! ஆனா பாவ்லோவ் இதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். புது ஆள், புது வாசனை, புது சத்தம் வந்தால் நாயின் கவனம் அங்கே திரும்பும். அப்போது புதிதாகக் கற்றது தற்காலிகமாக அணைந்துபோகும்.

இதைச் சமாளிக்கவே 1910 வாக்கில் மாஸ்கோ வணிகர் ஒருவர் விட்டுச்சென்ற நிதியின் உதவியோடு ஒரு தனிக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். தடித்த சுவர், வெளிச் சத்தமும் அதிர்வும் எட்டாத அறைகள். மௌனக் கோபுரம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. ஒரு நாயைத் தெளிவாகக் கற்க வைக்க ஒரு கோபுரமே தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். விருந்தாளி வந்த ஞாயிற்றுக்கிழமை குட்டி எல்லாவற்றையும் மறந்து சோபா பக்கத்தில் போய்விட்டதென்றால், பயிற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொரு சோதனை கொஞ்சம் மனதை உறுத்தும். ஷெங்கர்-கிரெஸ்தோவ்னிகோவா என்ற பெண் ஆய்வாளர் ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டினால் சாப்பாடு, நீள்வட்டத்தைக் காட்டினால் இல்லை என்று பழக்கினார். நாய் பிடித்துக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அச்சுகளின் விகிதம் 9-க்கு 8 என்று நெருங்கியபோது நாயால் பிரிக்க முடியவில்லை. மூன்று வாரம் முயன்றும் மோசமானதே தவிரச் சரியாகவில்லை. அதுவரை அமைதியாக நின்ற நாய் கத்தியது, துள்ளியது, உடம்பில் பொருத்திய கருவிகளைக் கடித்து எடுத்தது. முன்பு சுலபமாகச் செய்தவையும் கலைந்துபோயின. யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. சரி எது, தப்பு எது என்று புரியாமல் போனது, அவ்வளவுதான்.

தரையில் விரித்த பேப்பரில் போனால் பாராட்டு, காலையில் அப்பா படித்துவிட்டுக் கீழே போட்ட பேப்பரில் போனால் திட்டு. மழை நாளில் பால்கனி சரி, வெயில் நாளில் பால்கனி தப்பு. குட்டியின் கண்ணில் இதுவும் 9-க்கு 8 தான். பல வீடுகளில் குட்டி 'பிடிவாதம்' பிடிப்பதாகச் சொல்லப்படும் இடத்தில் உண்மையில் இருப்பது இந்தக் குழப்பம்.

கட்டி வைத்தால் நிற்காத நாய்

இப்போது கூண்டு. பாவ்லோவின் சோதனைகளுக்கு நாயை மேஜை மேல் ஒரு சட்டத்தில் நிறுத்தி, கால்களை வாரில் தளர்வாக மாட்டுவார்கள். பெரும்பாலான நாய்கள் கொஞ்ச நாளில் பழகிவிடும். ஒரு நாய் மட்டும் பழகவே இல்லை. வெளியே ரொம்ப சாது, எல்லோரிடமும் ஒட்டும். சட்டத்தில் ஏற்றினால் போதும், ஓயாமல் உதறும், வாரைக் கடிக்கும், எச்சில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

1917 வாக்கில் பாவ்லோவும் அவரது உதவியாளர் குபெர்கிரிட்ஸும் இதற்குச் சுதந்திர அனிச்சை என்று பெயர் வைத்தார்கள். கட்டுப்பாட்டை எதிர்ப்பது பசியைப் போலவே பிறவிக் குணம் என்பது அவர்கள் முடிவு. அதை மாற்ற என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நாய்க்குச் சட்டத்தில் மட்டும்தான் சாப்பாடு. முதலில் சரியாகச் சாப்பிடவே இல்லை, மெலிந்தது. மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்து, கடைசியில் அமைதியாக நின்றது.

இன்று க்ரேட் பழக்குபவர்கள் செய்வதும் இதே சூத்திரம்தான். சாப்பாட்டுக் கிண்ணம் கூண்டுக்குள். வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. பாவ்லோவ் முதலில் கட்டினார், பிறகு ஊட்டினார். வீட்டில் முதலில் ஊட்ட வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும். கிண்ணம் வாசலில், மறுநாள் கொஞ்சம் உள்ளே, பிறகு கடைசி மூலையில். குட்டி தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் கதவைச் சாத்துவது, அதுவும் முதலில் ஒரு நிமிடம், பிறகு அஞ்சு. எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். ரொம்பப் பெரிசாக இருந்தால் ஒரு மூலை படுக்கை, ஒரு மூலை கக்கூஸ் என்று குட்டியே பிரித்துவிடும். தூங்கும் இடத்தை அசுத்தப்படுத்தக் கூடாது என்ற குணம் மூன்று வார வயதிலிருந்தே குட்டிக்கு வரத் தொடங்கும். க்ரேட் டாய்லெட் பயிற்சிக்கு உதவுவது அதனால்தான். அடக்க முடியாத நேரம் வரை அடைத்துவைத்து, அது உள்ளேயே போக வேண்டிவந்தால், அந்தக் குணமே உடைந்துபோகும்.

பசி, புரட்சி, வெள்ளம்

1917 புரட்சிக்குப் பிறகு பாவ்லோவின் வாழ்க்கை கவிழ்ந்தது. நோபல் பரிசுப் பணம் போயிற்று. ஒரு மகன் விக்டர் டைஃபஸில் இறந்தான். எழுபது வயதில் நிறுவன வளாகத்தில் மண் கொத்திக் காய்கறி போட்டார். ஆய்வகத்தில் நாய்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தன. 1920-ல் நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு எழுதினார். அப்படி ஒரு பெயர் வெளியேறுவது புது அரசுக்கு அவமானம். 1921 ஜனவரியில் லெனின் கையெழுத்திட்ட ஆணை வந்தது. பாவ்லோவுக்கும் மனைவிக்கும் தனி ரேஷன், ஆய்வகத்துக்குத் தேவையான எல்லாம். அவர் அங்கேயே தங்கினார், அரசைத் திட்டுவதையும் நிறுத்தவில்லை. இதை அவருடைய துணிச்சலாகவும் பார்க்கலாம், உலகப்புகழ் கொடுத்த பாதுகாப்பாகவும் பார்க்கலாம். இரண்டும்தான்.

1924 செப்டம்பர் 23. லெனின்கிராட் என்று புதுப் பெயர் வாங்கியிருந்த ஊரில் நெவா ஆறு கரை தாண்டியது. நகர வரலாற்றின் பெரிய வெள்ளங்களில் ஒன்று. பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் நாய்க்கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறியது. நாய்கள் நீந்தி, கூண்டின் மேற்கம்பியை ஒட்டி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. கூண்டுக் கதவுகளோ கீழ்ப்பக்கம். ஆட்கள் வந்து காப்பாற்றியபோது, ஒவ்வொரு நாயின் தலையையும் தண்ணீருக்குள் அமுக்கித்தான் கதவு வழியே வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

நாய்கள் பிழைத்தன. ஆனா சில நாய்கள் பழைய நாய்களாக இல்லை. வருடக்கணக்கில் கற்றது துடைத்துப்போனது. சட்டத்தில் வைத்தால் சாப்பாட்டைத் தொடவில்லை. ஸ்பெரான்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு நாயோடு பொறுமையாக உட்கார்ந்தார். ஆள் அறைக்குள் கூடவே இருந்தால் பழைய எதிர்வினைகள் திரும்பின, வெளியே போனால் மறைந்தன. பல வாரங்களில் நாய் தேறியது. பிறகு, காரணம் வெள்ளம்தானா என்று உறுதிப்படுத்த, கதவுக்கு அடியிலிருந்து அறைக்குள் ஒரு சின்ன ஓடையாகத் தண்ணீரை விட்டார்கள். நாய் பதறி, சட்டத்திலிருந்து தப்பிக்கப் போராடியது. தேறியதெல்லாம் மறுபடி போயிற்று. விஞ்ஞானமாக அது தெளிவான சோதனை. நாய்ப் பக்கம் நின்று பார்த்தால் படிக்கவே கஷ்டம்.

பயம் ஒருமுறை கூண்டோடு ஒட்டினால் எவ்வளவு ஆழமாக ஒட்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. தப்பு செய்த குட்டியைத் தண்டனையாக க்ரேட்டில் தள்ளிக் கதவை அறைவது, தீபாவளி வெடிச் சத்தத்தில் முதல்முறையாகக் கூண்டில் அடைப்பது, இதெல்லாம் சின்ன அளவில் அந்த வெள்ளம்தான். ஸ்பெரான்ஸ்கியின் நாய்க்கு ஆள் கூட இருந்ததே மருந்தானது. முதல் சில ராத்திரிகள் கூண்டைக் கட்டில் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வைக்கச் சொல்வதில் அதனால் அர்த்தம் இருக்கிறது.

கோல்துஷி குட்டிகள்

எண்பது வயதிலும் அவர் ஓயவில்லை. லெனின்கிராடுக்கு வெளியே கோல்துஷி கிராமத்தில் 1929 முதல் அரசு அவருக்கு ஒரு ஆராய்ச்சி ஊரையே கட்டிக்கொடுத்தது. நாயின் சுபாவத்தில் பிறவி எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்பதுதான் கடைசிக் காலக் கேள்வி. துறுதுறுப்பானவை, முரட்டுத்தனமானவை, நிதானமானவை, பயந்தவை என்று நாய்களை நான்கு ரகமாகப் பிரித்திருந்தார். பயந்து ஒடுங்கும் நாய் பிறவியிலேயே பலவீனமான நரம்பு கொண்டது என்று பல வருடம் நம்பினார்.

அந்த நம்பிக்கையை அவருடைய சொந்த ஆய்வகமே ஆட்டிப் பார்த்தது. விர்ஷிகோவ்ஸ்கி, மயோரோவ் என்ற இருவர் 1933-ல் வெளியிட்ட சோதனை இது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிக் குட்டிகள் வெளியில் சுதந்திரமாக, மனிதர்களோடும் மற்ற நாய்களோடும் வளர்ந்தன. மீதி கூண்டிலேயே வளர்ந்தன. கூண்டுக் குட்டிகள் பெரிதான பிறகும் புது அறை, புது ஆள், சின்னச் சத்தம் எதற்கும் தரையோடு ஒட்டிப் பதுங்கின. ஒரே தாய், ஒரே ரத்தம். பாவ்லோவ் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். பயந்த நாயெல்லாம் பலவீன நாய் இல்லை, சிலவற்றை வளர்த்த விதம் அப்படி ஆக்கியிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார். எண்பதைத் தாண்டிய நோபல்காரர் தன் கொள்கையைத் தானே திருத்துவது சாதாரண விஷயமில்லை.

வீட்டில் எழுந்த அந்தக் கேள்விக்கு, கூண்டு பாவமா என்பதற்கு, கிடைக்கும் நேரடிப் பதிலும் இதுதான். தூங்கவும் சில மணி நேரம் ஒதுங்கவும் ஒரு குகை மாதிரி இருக்கும் கூண்டு வேறு. காலை ஒன்பதுக்குப் பூட்டி, ராத்திரி எட்டுக்குத் திறக்கும் கூண்டு வேறு. இரண்டாவது வகையில் வளரும் குட்டி தரையை நனைக்காமல் இருக்கலாம், ஆனா தெருவில் ஒரு ஸ்கூட்டர் சத்தத்துக்கே உடம்பை ஒடுக்கும். ஆபீஸ் நேரம் அவ்வளவு நீளம் என்றால், பகலில் வந்து திறந்துவிட ஒரு ஆள் இருக்கிறாரா என்று குட்டி வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

1935-ல் உடலியலாளர்களின் சர்வதேச மாநாடு ரஷ்யாவில் நடந்தபோது, தலைமை வகித்தவர் பாவ்லோவ். அதே வருடம் பரிசோதனை மருத்துவ நிறுவன வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். சிலை பாவ்லோவுக்கு இல்லை, நாய்க்கு. உயர்ந்த பீடத்தின் மேல் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது, பீடத்தைச் சுற்றி ஆய்வகக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து, 1936 பிப்ரவரி 27-ல், நிமோனியா காய்ச்சலில் பாவ்லோவ் இறந்தார். வயது 86. ஊர் மறுபடியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது. அந்த நாய் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.